பல மாட்யூல்கள் கொண்ட திட்டத்தில் ஒன்றை மட்டும் பில்ட் செய்து சோதிப்பது: அப்பாச்சி ஸ்பார்க்கை முன்வைத்து

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து கையாளும் திறமூல மென்பொருளான அப்பாச்சி ஸ்பார்க்கின் கோர் மாட்யூலில் உள்ள ஒரு துணை மெத்தடுக்குப் புதிய பராமீட்டர் ஒன்றைச் சேர்த்து, கேட்டலிஸ்ட் மாட்யூலின் ஆப்டிமைசர் விதி (வினவலை விரைவாக ஓடும் வடிவுக்கு மாற்றும் விதி) ஒன்றில் அதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். கேட்டலிஸ்டை மட்டும் மேவன் என்ற கருவியில் பில்ட் செய்தால், நீங்கள் சேர்த்த பராமீட்டரைக் கம்பைலர் கண்டுகொள்ளவே இல்லை. முழுத் திட்டத்தையும் பில்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியவில்லை. கேட்டலிஸ்டின் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினால், நீங்கள் தொடாத எஸ்கியூஎல் மாட்யூலின் சோதனைகள் சிஐ-யில், அதாவது தானியங்கிச் சோதனை அமைப்பில், தோற்கின்றன.

மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றே. மாட்யூல்களுக்கு இடையிலான சார்பை இரண்டு திசைகளில் படிக்க வேண்டும். ஒரு மாட்யூலை பில்ட் செய்வதற்கு, அது எவற்றைச் சார்ந்திருக்கிறதோ அவை புதிதாக இருக்க வேண்டும். அதே மாட்யூலில் செய்த மாற்றத்தைச் சோதிப்பதற்கு, எவை அதைச் சார்ந்திருக்கின்றனவோ அவற்றின் சோதனைகளை ஓட்ட வேண்டும். நீங்கள் முதல் திசையை அரைகுறையாகச் செய்திருக்கிறீர்கள், இரண்டாவது திசையைச் செய்யவில்லை. இந்த இரண்டையும் மேவனிலும், ஸ்காலா மொழிக்கான பில்ட் கருவியான எஸ்பிடி-யிலும் குறைந்த நேரத்தில் செய்வதற்கு வழிகள் இருக்கின்றன. கட்டளைகளின் தெரிவுகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் ஸ்பார்க்கின் அமைப்பைப் பார்ப்போம். 2009-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2014 பிப்ரவரியில் அப்பாச்சியின் உயர்நிலைத் திட்டமான ஸ்பார்க், இன்று பல பத்து மாட்யூல்களாகப் பிரிந்து நிற்கிறது. அடியில் நெட்வொர்க்-காமன், அன்சேஃப், ஸ்கெட்ச் போன்ற சிறு மாட்யூல்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் கோர், கோரின்மேல், வினவல் மரங்களையும் ஆப்டிமைசர் விதிகளையும் கொண்ட கேட்டலிஸ்ட், கேட்டலிஸ்டின்மேல், உண்மையில் வினவலை ஓட்டும் எஸ்கியூஎல் கோர், அதன்மேல் ஹைவ், எம்எல்லிப், பைஸ்பார்க் முதலானவை. இடையில் வேறு சிலவும் உண்டு, ஆனால் உங்கள் சிக்கலுக்கு இந்த வரிசை போதும். நீங்கள் கைவைத்திருப்பது கோரிலும் கேட்டலிஸ்டிலும். அதாவது, ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் அடியில்.

மேவனைத் திட்டத்தின் மேல்நிலைக் கோப்புறையிலிருந்து இயக்கும்போது, அது எல்லா மாட்யூல்களின் பாம் கோப்புகளையும் (சார்புகளைச் சொல்லும் அமைப்புக் கோப்புகள்) படித்து, எது எதற்கு முன் வர வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொள்கிறது. இந்தப் பகுதிக்கு ரியாக்டர் என்று பெயர். சுழற்சிச் சார்பு இருந்தால் ரியாக்டர் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். சோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்ட சார்பு சுழற்சியை உண்டாக்கினாலும் மறுக்கும், ஏனென்றால் வரிசை மாட்யூல் அளவில்தான் கணக்கிடப்படுகிறது. ஒரே ஓட்டத்தில் கோரும் கேட்டலிஸ்டும் இருந்தால், கேட்டலிஸ்டுக்குத் தேவையான கோர் கிளாஸ்களை ரியாக்டர் அப்போதே கம்பைல் செய்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். பேக்கேஜ் கட்டத்தைத் தாண்டியிருந்தால், கிளாஸ் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஜார் கோப்பைக் கொடுக்கும். கம்பைல் கட்டம் மட்டும் முடிந்திருந்தால் டார்கெட் கோப்புறைக்குள் இருக்கும் கிளாஸ் கோப்புகளைக் கொடுக்கும்.

ப்ராஜெக்ட்ஸ் தெரிவை, அதாவது ‘-பிஎல்’-ஐப் பயன்படுத்திக் கேட்டலிஸ்டை மட்டும் குறிப்பிட்டால், கோர் ரியாக்டரில் இடம்பெறுவதில்லை. உங்கள் வட்டில் கோரின் மூலக்குறியீடு பக்கத்துக் கோப்புறையிலேயே இருக்கிறது என்பது மேவனுக்கு அந்த நேரத்தில் பொருட்டே இல்லை. அது உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள எம்2 களஞ்சியத்தை (மேவன் ஜார்களைச் சேர்த்துவைக்கும் இடம்) திறந்து, அங்கே அந்த ஸ்னாப்ஷாட் பதிப்பில், அதாவது இன்னும் வெளியிடப்படாத பதிப்பில், எந்த ஜார் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஜாரை அந்தக் களஞ்சியத்தில் வைக்கும் இன்ஸ்டால் கட்டளையைக் கடைசியாக நீங்கள் எப்போது கொடுத்தீர்களோ, அப்போதைய கோர்தான் அது. ஒருமுறைகூட இன்ஸ்டால் செய்யவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம்: அப்பாச்சித் திட்டங்களின் பொதுப் பேரன்ட் பாமில் ஸ்னாப்ஷாட் களஞ்சியம் ஒன்று குறிப்பிடப்பட்டிருப்பதால், மேவன் இணையத்திலிருந்து வேறு யாரோ பில்ட் செய்த கோரை இறக்கிக்கொள்ளக்கூடும். அதன்பின் நீங்கள் சோதிப்பது பாதி உங்கள் குறியீடு, பாதி மாஸ்டர் கிளையின் ஏதோ ஒரு நாளைய குறியீடு. எந்த எச்சரிக்கையும் வராது. பில்ட் தோற்றால் அது உங்கள் நல்வாய்ப்பு. தேறிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் சிக்கலுக்கு மூன்று வழிகள். ஒன்று, ‘-பிஎல்’-இல் கோரையும் கேட்டலிஸ்டையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்துக் கொடுப்பது. நீங்கள் மாற்றியவை அந்த இரண்டு மட்டுமே என்று உறுதியாகத் தெரிந்தால் இதுவே விரைவானது. பெயர் கொடுக்கும்போது முன்னால் முக்காற்புள்ளி இட்டு ‘:ஸ்பார்க்-கேட்டலிஸ்ட்_2.13’ என்பதுபோல ஸ்காலாப் பதிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோப்புறையின் பாதையைக் கொடுத்தாலும் ஏற்கும். இரண்டாவது, ஆல்சோ-மேக் தெரிவான ‘-ஏஎம்’-ஐச் சேர்ப்பது. கேட்டலிஸ்ட் சார்ந்திருக்கும் அத்தனையும் ரியாக்டருக்குள் வந்துவிடும், பழைய ஜார் நுழைய இடமிருக்காது. ஆனால் அவற்றின் சோதனைகளும் சேர்ந்து ஓடும் என்பதை மறக்கக் கூடாது. மூன்றாவது, கோரை மட்டும் சோதனைகள் இல்லாமல் இன்ஸ்டால் செய்துவிட்டு, பிறகு கேட்டலிஸ்டை மட்டும் சோதிப்பது. கிளையை மாற்றிய உடனே, அல்லது மாஸ்டரிலிருந்து புதிய மாற்றங்களை இழுத்த உடனே ‘-ஏஎம்’. அதன்பின் நாள் முழுவதும் முதல் வழி என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

இங்கே பலரும் பழக்கத்தால் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் ‘க்ளீன் இன்ஸ்டால்’ என்று கொடுப்பது சிந்திக்காமல் கிடைக்கும் நிம்மதி. முந்தைய பில்டின் விளைவுகளை அழிக்கும் க்ளீனைக் கொடுத்தால், ஸ்காலா கம்பைலர் ஜிங்க் வழியாகச் சேர்த்துவைத்திருந்த படிப்படிக் கம்பைல் தகவல் முழுவதும் போய்விடுகிறது. அடுத்த ஓட்டம் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கம்பைல் செய்கிறது. சார்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு க்ளீன் அரிதாகவே தேவைப்படும்: ஸ்காலாப் பதிப்பை மாற்றும்போதும், கோப்புகளைப் பெருமளவில் இடம் மாற்றிய கிளைக்குத் தாவும்போதும்.

எது ஏற்றப்படுகிறது என்பதில் ஐயம் வந்தால் ஊகிக்க வேண்டாம், நேரடியாகக் கேட்டுவிடலாம். தோற்கும் சோதனைக்குள் தற்காலிகமாக ஒரு வரி சேர்த்து, ஐயத்துக்குரிய கிளாஸின் ப்ரொடெக்‌ஷன் டொமைனைப் பெற்று, அதன் கோட் சோர்ஸின் இருப்பிடத்தை அச்சிடுங்கள். வரும் பாதை கோரின் டார்கெட் கோப்புறையைக் காட்டினால் உங்கள் குறியீடு ஓடுகிறது. எம்2 களஞ்சியத்துக்குள் இருக்கும் ஜாரைக் காட்டினால், அந்தக் கோப்பின் நேரத்தைப் பாருங்கள். உங்கள் கடைசித் திருத்தத்துக்கு முந்தையது என்றால் விடை கிடைத்துவிட்டது. குறியீட்டை ஓட்டும் ஜேவிஎம்முக்கு வெர்போஸ்-கிளாஸ் தெரிவு கொடுத்தாலும் ஒவ்வொரு கிளாஸும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று எழுதும். ஆனால் ஸ்பார்க் அளவுள்ள திட்டத்தில் அந்த வெளியீட்டில் தேடி எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

அடுத்தது சோதனைக் குறியீட்டின் சார்பு. ஆவணங்களில் எளிதில் கண்ணில் படாத பகுதி. கேட்டலிஸ்டின் சோதனைகள் கோரின் முதன்மைக் கிளாஸ்களை மட்டும் சார்ந்திருக்கவில்லை. ஸ்பார்க்ஃபன்சூட் போன்ற அடிப்படைச் சோதனை வகுப்புகளைக் கோரின் சோதனை ஜாரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. எனவே கோரைச் சோதனை இல்லாமல் பில்ட் செய்யும்போது எந்தத் தெரிவால் சோதனையைத் தவிர்க்கிறீர்கள் என்பது முக்கியம். ‘ஸ்கிப்டெஸ்ட்ஸ்’ கொடுத்தால் சோதனைகள் கம்பைல் ஆகும், ஓடாது. சோதனை ஜார் ஒழுங்காக உருவாகும். ‘மேவன்.டெஸ்ட்.ஸ்கிப்’ கொடுத்தால் சோதனைகள் கம்பைலே ஆகாது. அப்போது கேட்டலிஸ்ட் தன் சோதனைகளைக் கம்பைல் செய்யப் பழைய சோதனை ஜாரைத் தேடிப் போகும், அல்லது எதுவும் கிடைக்காமல் நின்றுவிடும். சில விநாடிகளை மிச்சப்படுத்துகிறது என்று இரண்டாவதைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் உண்டு. சோதனை ஜாரைப் பகிரும் திட்டங்களில் அந்தக் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

இதே காரணத்தால், எந்தக் கட்டம் வரை ஓட்டுகிறோம் என்பதும் விளைவை மாற்றும். மேவன் 3-இல் கம்பைல் கட்டத்தோடு நிறுத்தினால் ரியாக்டரிடம் கொடுப்பதற்குச் சோதனைக் கிளாஸ்கள் இருக்காது; அது சத்தமில்லாமல் எம்2 களஞ்சியத்துக்குப் போய்விடும். இன்னொன்று: குவாவா, ஜெட்டி ஆகிய வெளி நூலகங்களின் பேக்கேஜ் பெயரை ‘ஓஆர்ஜி.ஸ்பார்க்ப்ராஜெக்ட்’ என்ற முன்னொட்டின்கீழ் மாற்றி, ஸ்பார்க் தன் ஜாருக்குள் வைத்துக்கொள்கிறது. ஷேடிங் எனப்படும் இந்தப் பெயர்மாற்றம் பேக்கேஜ் கட்டத்தில்தான் நடக்கிறது. ஒரு மாட்யூல் பெயர் மாறிய ஜாரிலிருந்தும் இன்னொன்று பெயர் மாறாத கிளாஸ் கோப்புகளிலிருந்தும் ஏற்றப்பட்டால், இல்லாத கிளாஸைத் தேடும் பிழை வரும். அதோடு, தனி ஜேவிஎம்களைத் தொடங்கி அவற்றில் எக்ஸிகியூட்டர்களை (வேலையைச் செய்யும் ஸ்பார்க் செயல்முறைகள்) ஓட்டும் சோதனைகளும் ஸ்பார்க்கில் உண்டு. சோதனைகளை ஓட்டுவதற்கு முன் ஒருமுறையாவது முழுத் திட்டத்தையும் ஸ்கிப்டெஸ்ட்ஸ் தெரிவோடு பேக்கேஜ் செய்துவிட வேண்டும் என்பதற்கு இவையே காரணம். அந்த முதல் ஒருமுறைக்கான நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த முதல் ஓட்டத்துக்கு, திட்டத்தோடு வரும் பில்ட் கோப்புறையிலுள்ள எம்விஎன் ஸ்கிரிப்டையே பயன்படுத்துங்கள். சரியான மேவன் பதிப்பு கணினியில் இல்லையென்றால் அதுவே இறக்கிக்கொள்ளும்; நினைவக அமைப்புகளையும் வைத்துத் தரும். நேரடியாக மேவனை இயக்குவதானால் அவற்றை நீங்களே வைக்க வேண்டும். ஸ்பார்க் 3.5-இன் ஆவணம் ஸ்டேக்குக்கு 64 மெகாபைட் ஒதுக்கச் சொல்கிறது. ஸ்காலா கம்பைலரின் மெத்தடுகள் தம்மைத் தாமே ஆழமாக அழைத்துக்கொண்டு (ரிகர்ஷன்) இயங்குவதால் இயல்பு அளவு போதாமல் ஸ்டேக் நிரம்பிவிடும்.

ஒரே கணினியில் இரண்டு கிளைகளில் வேலை செய்பவர்கள், கிட் வொர்க்ட்ரீ வழியாக இரண்டு கோப்புறைகள் வைத்திருப்பதுண்டு. மூலக்குறியீடு பிரிந்திருந்தாலும் எம்2 களஞ்சியம் ஒன்றுதான். இரண்டு கிளைகளின் ஸ்னாப்ஷாட் பதிப்பும் ஒன்றென்றால், ஒரு கிளையில் இன்ஸ்டால் செய்வது மற்றதன் ஜாரை மேலெழுதிவிடும். ‘மேவன்.ரெப்போ.லோக்கல்’ என்ற பண்பில் கிளைக்கொரு களஞ்சியப் பாதையைக் கொடுத்தால் இது தீரும். சார்ந்த நூலகங்கள் எல்லாம் இரண்டாவது முறை இறங்கும், வட்டில் இடம் பிடிக்கும். ஆனாலும் செய்யத் தக்கது.

இனி எஸ்பிடி. ஸ்பார்க்கின் அதிகாரபூர்வ பில்ட் மேவன்தான். வெளியீடுகள் அதில்தான் உருவாகின்றன. அன்றாட வேலைக்கு எஸ்பிடி-யும் ஆதரிக்கப்படுகிறது, அது அதே பாம் கோப்புகளைப் படித்துத்தான் தன் அமைப்பை உருவாக்கிக்கொள்கிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது, நாள் முழுவதும் எஸ்பிடி-யில் வேலை செய்து, அனுப்புவதற்கு முன் மேவனில் உறுதிப்படுத்துங்கள் என்பதே. காரணம் எளிது: எஸ்பிடி-யில் மாட்யூல்கள் ஒன்றையொன்று கிளாஸ் கோப்புறை வழியாகவே பார்க்கின்றன, இடையில் எம்2 களஞ்சியம் இல்லை. எஸ்பிடி உறைக்குள் (ஷெல்) நுழைந்து ‘கேட்டலிஸ்ட்/டெஸ்ட்ஒன்லி’ என்று கொடுத்துச் சோதனை வகுப்பின் பெயரைச் சொன்னால், கோரில் மாறிய கோப்புகளையும் அவற்றால் பாதிக்கப்பட்டவற்றையும் மட்டும் கம்பைல் செய்து அந்தச் சோதனையை ஓட்டும். வகுப்பின் பெயருக்கு முன் உடுக்குறி இட்டால் முழு பேக்கேஜ் பெயரை எழுத வேண்டியதில்லை. கட்டளைக்கு முன் அலைக்கோடு இட்டால், கோப்பைச் சேமிக்கும்தோறும் தானே மீண்டும் ஓடும். இரட்டை ஹைஃபனுக்குப் பின் ‘-இசட்’ கொடுத்து ஒரு சொற்றொடரைச் சேர்த்தால், பெயரில் அந்தச் சொற்றொடர் உள்ள சோதனைகள் மட்டும் ஓடும். முழு நேரமும் உறையைத் திறந்தே வைத்திருங்கள்; ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினால் எஸ்பிடி-யின் வேகம் அனைத்தும் தொடக்கத்திலேயே கரைந்துவிடும்.

மேவனில் ஒரே ஒரு சோதனையை ஓட்டுவதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜாவா சோதனைகளை ஷ்யூர்ஃபயர் செருகுநிரல் ஓட்டுகிறது, ஸ்காலாச் சோதனைகளை ஸ்காலாடெஸ்ட் செருகுநிரல் ஓட்டுகிறது. ஒன்றைக் குறிப்பிட்டால் மற்றது தானாக நின்றுவிடாது. எனவே ஸ்காலாச் சோதனை ஒன்றை மட்டும் ஓட்ட, ‘வைல்ட்கார்ட்சூட்ஸ்’ பண்பில் வகுப்பின் முழுப்பெயரையும் ‘டெஸ்ட்’ பண்பில் ‘நன்’ என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மற்ற ஜாவாத் திட்டங்களில் ‘-ஏஎம்’ தெரிவோடு ஒரு சோதனையின் பெயரைக் கொடுப்பவர்கள், அடிமட்ட மாட்யூலில் அப்படியொரு சோதனை இல்லை என்று பில்ட் நின்றுவிடுவதைக் கண்டு குழம்புவதுண்டு. குறிப்பிட்ட சோதனை இல்லாவிட்டால் தோற்க வேண்டாம் என்று ஷ்யூர்ஃபயருக்குச் சொல்லும் ‘ஃபெயில்இஃப்நோஸ்பெசிஃபைட்டெஸ்ட்ஸ்’ பண்பை ஃபால்ஸ் என்று வைத்தால் போதும்.

இப்போது உங்கள் மூன்றாவது சிக்கல். எனக்கு இதுவே மிக முக்கியமானதாகப் படுகிறது. கேட்டலிஸ்டின் சோதனைகள் தேறியதை வைத்து உங்கள் மாற்றம் சரி என்று முடிவு செய்தீர்கள். கேட்டலிஸ்டில் உள்ள கான்ஸ்டன்ட்ஃபோல்டிங்சூட் போன்ற சோதனைகள், சிறிய வினவல் மரம் ஒன்றைக் கையால் கட்டி, ஒன்றிரண்டு விதிகளை மட்டும் அதன்மேல் இயக்கி, கிடைத்த மரத்தை எதிர்பார்த்த மரத்தோடு ஒப்பிடுகின்றன. விதி தனியாகச் சரியாக இயங்குகிறதா என்பதை மட்டுமே அவை சொல்லும். மற்ற ஆப்டிமைசர் விதிகளோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் இயங்கும்போது, உண்மையான வினவல் ஒன்றின் திட்டம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் சோதனைகள் மேலே, எஸ்கியூஎல் கோரில் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். எஸ்கியூஎல்கொரிடெஸ்ட்சூட் என்ற சோதனை, ரிசோர்சஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘எஸ்கியூஎல்-டெஸ்ட்ஸ்’ என்ற இடத்திலிருந்து வேலை செய்கிறது. அங்கே ‘இன்புட்ஸ்’ கோப்புறையில் வினவல் கோப்புகள் இருக்கின்றன. ‘ரிசல்ட்ஸ்’ கோப்புறையில் ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கப்படும் விடை, நெடுவரிசைகளின் வகைகளோடு, ஒரு கோப்பாக இருக்கிறது. பிழை தர வேண்டிய வினவலுக்குப் பிழைச் செய்தியே விடையாகப் பதிந்திருக்கும். சோதனை ஒவ்வொரு வினவலையும் ஓட்டி, வந்த வெளியீட்டை அந்தக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. கோல்டன் கோப்புகள் என்று அழைக்கப்படும் இவற்றைப் புதுப்பிக்க, ‘ஸ்பார்க் ஜெனரேட் கோல்டன் ஃபைல்ஸ்’ என்ற சூழல் மாறியை, சொற்களை அடிக்கோட்டால் இணைத்துப் பெரிய எழுத்துகளில் எழுதி, 1 என்று வைத்து அதே சோதனையை ஓட்டினால் போதும். போதும் என்பதாலேயே இதில் ஆபத்தும் இருக்கிறது. புதுப்பித்தபின் கிட் டிஃப் காட்டும் ஒவ்வொரு வரியையும் படித்து, இந்த வினவலின் விடை ஏன் மாறியது என்று உங்களால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். விளக்க முடியாத ஒரு வரி இருந்தாலும் அது உங்கள் விதியில் உள்ள பிழையாக இருக்கக்கூடும். புதுப்பித்த கோப்பு அதைச் சரியான விடையாக எழுதிவைத்துவிட்டது.

இதற்கு அடுத்த படியில் ப்ளான்ஸ்டெபிலிட்டிசூட் குடும்பம் இருக்கிறது. டிபிசி-டிஎஸ் அளவுகோலின் 99 வினவல்களுக்கும் ஸ்பார்க் உருவாக்கும் இயக்கத் திட்டம் கோப்பாகப் பதிந்துவைக்கப்பட்டிருக்கிறது. வினவலுக்கு ஒரு கோப்புறை; அதற்குள் முழு எக்ஸ்ப்ளெய்ன் வெளியீடு ஒன்று, சுருக்கிய வடிவம் ஒன்று. ஆப்டிமைசர் விதியைத் தொட்டால் இவை தோற்க வாய்ப்பு மிகுதி, தோல்வியே செய்தி. விடை மாறாமல் திட்டம் மட்டும் மாறியிருந்தால், அந்த மாற்றம் வினவலை விரைவாக்குகிறதா, அல்லது முன்பு இல்லாத ஷஃபிள் (கணினிகளுக்கு இடையே தரவை மறுபடி பகிர்வது) ஒன்றைக் கொண்டுவந்துவிட்டதா என்று சுருக்கிய வடிவத்திலேயே பார்க்கலாம். சிஐ-யில் உங்களுக்குத் தோற்றவை இந்த இரண்டு குடும்பத்தில் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

எந்த மாற்றத்துக்கு எந்தச் சோதனைகள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. திட்டத்தின் டெவ் கோப்புறைக்குள் ‘ஸ்பார்க்டெஸ்ட்சப்போர்ட்’ என்ற பைத்தான் பேக்கேஜில் மாட்யூல்ஸ் என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் அதன் சார்புகள், அதற்குரிய கோப்புப் பாதைகளை அடையாளம் காணும் ரெஜெக்ஸ், ஓட்ட வேண்டிய எஸ்பிடி இலக்குகள், பைத்தான் சோதனைகள் ஆகியவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. சிஐ-யில் ரன்-டெஸ்ட்ஸ் ஸ்கிரிப்ட் நீங்கள் மாற்றிய கோப்புகளைப் பார்த்து, அவை எந்த மாட்யூலுக்கு உரியவை என்று கண்டு, அதைச் சார்ந்திருக்கும் மாட்யூல்களையும் சேர்த்துக்கொள்கிறது. எந்த மாட்யூலோடும் பொருந்தாத கோப்பு மாறியிருந்தால் ‘ரூட்’ என்ற கற்பனை மாட்யூலைத் தேர்ந்தெடுத்து எல்லாச் சோதனைகளையும் ஓட்டும். தெரியாதபோது அனைத்தையும் ஓட்டுவது என்ற இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பல திட்டங்களின் தேர்வு ஸ்கிரிப்டுகள் இதற்கு நேர்மாறாக, பொருந்தவில்லை என்றால் எதையும் ஓட்டாமல் பச்சை விளக்கைக் காட்டிவிடுகின்றன. முதல் முறை பங்களிப்பவர்கள் அந்தக் கோப்பை ஒருமுறை முழுதாகப் படிப்பது, பாம் கோப்புகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

இதே வேலையை மேவனில் செய்ய ஆல்சோ-மேக்-டிபென்டன்ட்ஸ், அதாவது ‘-ஏஎம்டி’ என்ற தெரிவு இருக்கிறது. கோருக்கு அதைக் கொடுத்தால் ஏறக்குறைய முழு ஸ்பார்க்கும் வந்துவிடும். உங்கள் மடிக்கணினியில் அதை ஓட்டுவது பல மணி நேர வேலை. கேட்டலிஸ்டில் விதி மாற்றத்துக்கு, கேட்டலிஸ்டின் ஆப்டிமைசர் சோதனைகள், மேலே சொன்ன இரண்டு கோல்டன் குடும்பங்கள், எஸ்கியூஎல் கோரில் உங்கள் விதியோடு தொடர்புள்ள ஒன்றிரண்டு வகுப்புகள் ஆகியவற்றை உள்ளூரில் ஓட்டிவிட்டு, மீதியைச் சிஐ-யிடம் விட்டுவிடலாம். ஸ்பார்க்கின் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் சோதனைகள் உங்கள் ஃபோர்க்கிலேயே, அதாவது கிட்ஹப்பில் உள்ள உங்கள் நகலிலேயே, ஓடுகின்றன. ஃபோர்க்கில் ஆக்‌ஷன்ஸை இயக்கிவைத்தால் புல் ரிக்வெஸ்ட் திறப்பதற்கு முன்பே கிளையைத் தள்ளி விளைவைப் பார்த்துக்கொள்ளலாம்.

பைஸ்பார்க் சோதனைகளை ஓட்டுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவை மூலக்குறியீட்டைப் பார்ப்பதில்லை, பில்ட் செய்து அசெம்பிளி கோப்புறையில் சேர்ந்திருக்கும் ஜார்களைப் பார்க்கின்றன. ஸ்காலாவில் திருத்திவிட்டு பேக்கேஜ் செய்யாமல் பைத்தான் கோப்புறையின் ரன்-டெஸ்ட்ஸ் ஸ்கிரிப்டை இயக்கினால், நேற்றைய ஸ்பார்க்கைச் சோதிப்பீர்கள்.

உங்கள் கோர் மாற்றத்தைப் பற்றித் தனியாக ஒன்று. புதிய பராமீட்டருக்கு இயல்பு மதிப்பு கொடுத்திருப்பதால் அதை அழைக்கும் பழைய இடங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூலக்குறியீட்டு அளவில் அது உண்மை. கம்பைல் ஆன வடிவில் அந்த மெத்தடின் கையொப்பம் மாறிவிடுகிறது. ஒரு பராமீட்டர் கொண்ட மெத்தட் போய், இரண்டு பராமீட்டர் கொண்டது வந்திருக்கிறது. பழைய கோரோடு கம்பைல் ஆன எஸ்கியூஎல் ஜார் உங்கள் எம்2 களஞ்சியத்தில் இருந்து, அதைப் புதிய கோரோடு சேர்த்து ஓட்டினால், கம்பைல் பிழை ஏதும் இல்லாமல், ஓடும் நேரத்தில் அப்படியொரு மெத்தட் இல்லை என்னும் நோசச்மெத்தட்எரர் வரும். எனவே கையொப்பம் மாறிய நாளில் மட்டும், அதை அழைக்கும் எல்லா மாட்யூல்களையும் மீண்டும் கம்பைல் செய்துவிடுங்கள். அந்த மெத்தட் ஸ்பார்க்குக்குள் மட்டும் தெரியும்படி குறிக்கப்பட்டிருந்தால் விஷயம் இதோடு முடிகிறது. பயனர்களுக்குத் திறந்த பொது மெத்தடாக இருந்தால், மைமா என்ற கருவி முந்தைய வெளியீட்டோடு ஒப்பிட்டுப் பொருந்தாமையைப் பிடிக்கும். அப்போது விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதைவிட, பழைய கையொப்பத்தையும் வைத்துக்கொண்டு இன்னொரு ஓவர்லோடு சேர்ப்பது நல்லது. பிறருடைய பயன்பாடுகள் அந்தப் பழைய கையொப்பத்தோடு கம்பைல் ஆகி எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீண்ட ஓட்டங்களில் நேரத்தைக் காக்க இன்னும் இரண்டு தெரிவுகள். ஃபெயில்-அட்-எண்ட் கொடுத்தால், ஒரு மாட்யூல் தோற்றாலும் அதைச் சாராத மற்றவை தொடர்ந்து ஓடும். இரவில் ஓடவிட்டுக் காலையில் முழுப் பட்டியலையும் பார்க்கலாம். ரெஸ்யூம்-ஃப்ரம், அதாவது ‘-ஆர்எஃப்’, தோற்ற மாட்யூலிலிருந்து மீண்டும் தொடங்கும். ஆனால் அதற்கு முந்தைய மாட்யூல்கள் அப்போது ரியாக்டரில் இல்லை என்பதால், அவை எம்2 களஞ்சியத்திலிருந்துதான் வரும்; முந்தைய ஓட்டம் இன்ஸ்டால் வரை போயிருக்கவில்லை என்றால் நீங்கள் தொடங்கிய சிக்கலுக்கே திரும்ப வந்துவிடுவீர்கள்.

ஒரு சோதனை சில நேரம் தேறி, சில நேரம் தோற்றால், மீண்டும் ஓட்டித் தேறியதும் விட்டுவிடாதீர்கள். மாஸ்டர் கிளையில் உங்கள் மாற்றம் இல்லாமல் அதே சோதனையைப் பலமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் தடுமாறினால் அது உங்களுடையதல்ல, ஸ்பார்க்கின் பிழைப் பதிவுத் தளமான ஜிராவில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடலாம். அங்கே ஒருமுறையும் தடுமாறவில்லை என்றால் உங்கள் மாற்றத்தைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும்.

ஸ்பார்க்கின் புல் ரிக்வெஸ்ட் படிவத்தில், இந்தத் திருத்தம் எப்படிச் சோதிக்கப்பட்டது என்று கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ‘சோதனைகள் தேறின’ என்று மட்டும் எழுதாமல், எந்த எஸ்பிடி கட்டளைகளை ஓட்டினீர்கள், கையொப்பம் மாறியதால் எந்த மாட்யூல்களை மறுபடி கம்பைல் செய்தீர்கள், எந்தெந்தக் கோல்டன் கோப்புகள் மாறின, ஒவ்வொன்றும் ஏன் மாறியது என்று எழுதுங்கள். மதிப்பாய்வு செய்பவர் உங்கள் கிளையை இறக்கி அதே கட்டளையை ஓட்டிப் பார்க்க அது போதுமானதாக இருக்க வேண்டும். தோற்ற சோதனையின் பெயரையும் முதல் இருபது வரிப் பிழைப் பதிவையும் நீங்கள் இட்டால், அது மேலே சொன்ன எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.